வழிப்படுத்தியும் நிலைபொருளும்

கல்லூரியின் விழா மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை எழுதுவதாயின், அது சங்க இலக்கியத்தைப் பற்றியதாகவோ நாவலர் பெருமானின் கல்விப் பணியைப் பற்றியதாகவோ இருத்தல் வேண்டும் என்பது வழக்கம். மலர்க் குழுவினரும் அவ்வாறே எதிர்பார்த்தனர். யாம் கணினிக் கல்வி பயின்றோமல்லோம். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்ற நாள் முதலாக இலக்கணமும் இலக்கியமுமே கற்பித்து வருகின்றோம். ஆயினும், இம்மலருக்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள், வீட்டிலே இணையத்தைக் கம்பியின்றிப் பகிர்ந்து தரும் அச்சிறு பெட்டியாகும். கடைக்காரர் அதனை 'ரவுட்டர்' என்பர். நம்மவர் 'வழிப்படுத்தி' என்று எழுதுவர். தமிழ்நாட்டார் 'திசைவி' என்பர்.

இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. விழாவை முன்னிட்டு நமது பழைய மாணவர் சங்கத்தார், விடுதிச்சாலைக்கும் வசதி குறைந்த மாணவர் வீடுகளுக்கும் வழிப்படுத்திகள் வாங்கிக் கொடுக்க எண்ணியுள்ளனர். நற்பணி, அதனை யாம் இருகரங் கூப்பி வரவேற்கின்றோம். ஆனால், எத்தகைய பெட்டியை வாங்குவது என்ற வினா ஆலோசனைக் கூட்டத்தில் எழுந்தபோது, ஏனையோர் கருத்து ஒருபுறமும் எமது கருத்து மறுபுறமுமாய் நின்றன. கடையிற் கிடைப்பவற்றுள் மிக மலிவானதை வாங்கினால் நாற்பது வீடுகளுக்குக் கொடுக்கலாம். யாம் கூறும் வகையை வாங்கினால் இருபத்தைந்துக்கு மேற் போகாது. "நாற்பது பிள்ளைகள் பெரிதோ, இருபத்தைந்து பிள்ளைகள் பெரிதோ, மாஸ்டர்?" என்று சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அன்று யாம் உரிய விடை கூறவில்லை. கூட்டத்தில் எமக்கு நா எழவில்லை என்பதே உண்மை. அங்கே சொல்லத் தவறியதை இங்கே எழுத முயல்கின்றோம்.

அப்பெட்டியை நம்மிற் பலர் மின்விளக்குப் போன்ற ஒன்றாகவே கருதுகின்றனர். பொருத்தினால் எரியும், பழுதானால் எறியலாம். உண்மையிலோ அது ஒரு முழுக் கணினி. திரையும் தட்டச்சுப் பலகையும் இல்லாமையால் நாம் அதனைக் கணினி என்று எண்ணுவதில்லை. அதனுள்ளே ஒரு செயலி உண்டு. மின்சாரம் நின்றாலும் அழியாத 'பிளாஷ்' நினைவகம் உண்டு. வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் 'ராம்' நினைவகமும் உண்டு. அந்தப் பிளாஷ் நினைவகத்தில் எழுதப்பட்டு, பெட்டியை எழுப்பி, ஆண்டு நடத்தும் மென்பொருளுக்குத்தான் நிலைபொருள் என்று பெயர்.

இச்சொல்லை ஆக்கியவர் யாரோ, அவர் இலக்கணம் அறிந்தவர் என்றே எமக்குத் தோன்றுகின்றது. 'நிலைபொருள்' என்பதை வினைத்தொகையாகக் கொண்டால், நிலைத்த பொருள், நிலைக்கின்ற பொருள், நிலைக்கும் பொருள் என மூன்று காலத்திற்கும் விரியும். வேறு வகையாகப் பிரிப்பாரும் உளர். அவரோடு எமக்கு வழக்கில்லை. எமக்கு வேண்டியது அம் மூன்று காலங்களே. கடைக்காரர் நமக்குக் காட்டுவது இறந்தகாலம் ஒன்றையே. அதாவது, தொழிற்சாலையில் அன்று எழுதி அனுப்பியதை. நாம் கேட்க வேண்டியது எதிர்காலத்தை: நாளை இதில் ஒரு பிழை கண்டறியப்படின், அதனைத் திருத்திப் புதிய நிலைபொருளை வெளியிடுவார் உளரா? உளரெனின் எத்தனை ஆண்டுகளுக்கு? இந்த வினாவைக் கேளாது வாங்கும் பெட்டி, விலை எத்துணை மலிவாயினும், எமது கணக்கில் மலிவன்று.

இதனை யாம் நூலிற் படித்துக் கூறவில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காரணமாக நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபோது, ஏனைய ஆசிரியரைப் போன்று யாமும் வீட்டிலிருந்தே கற்பிக்க வேண்டியதாயிற்று. அவசரத்தில் ஒரு பெட்டி வாங்கினோம். நான்கு அன்டெனாக்கள் நிமிர்ந்து நின்றன. அட்டைப்பெட்டியில் '1200' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. வேறென்ன வேண்டும் என்று எண்ணினோம். சில மாதங்கள் நன்றாகவே உழைத்தது. பின்னர், உயர்தர வகுப்பு மாணவருக்கு ஆகுபெயர் விளக்கிக்கொண்டிருக்கும் நடுவிலே பெட்டி மயங்கி நிற்கும். அணைத்து ஏற்றினால் மீண்டும் எழும். நாளொன்றுக்கு ஒருமுறை என்றிருந்தது மூன்றுமுறை ஆயிற்று. எம்மிடம் படித்து, அப்போது தொழினுட்பக் கல்வி பயின்றுகொண்டிருந்த மாணவர் ஒருவர் வந்து பார்த்தார். "சேர், அன்டெனாவிலை பிழையில்லை. உள்ளுக்கை இருக்கிறதிலைதான் பிழை" என்றார். செய்தவரின் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினார். அப்பெட்டிக்கென ஒரேயொரு நிலைபொருள் கிடந்தது. அதன் தேதி, யாம் பெட்டியை வாங்கிய நாளுக்கு இரண்டாண்டு முற்பட்டது. பெற்ற அன்றே கைவிடப்பட்ட பிள்ளையை யாம் காசு கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கின்றோம்.

'1200' என்ற எண்ணின் இரகசியத்தையும் அவரே உடைத்தார். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 867 எனும் இரு கோட்பாட்டு வேகங்களைக் கூட்டி, முழு எண்ணாக்கி எழுதுவதே 1200. ஒரு கைப்பேசி ஒரு நேரத்தில் அவற்றுள் ஒன்றையே பயன்படுத்தும். அதிலும் நடைமுறையிற் கிடைப்பது பாதியளவே. அன்றியும், இவ்வகை மலிவுப் பெட்டிகள் பலவற்றின் கம்பி வாயில்கள் 100 மெகாபிட் அளவினவே. 1200 என்று முழங்கும் வீட்டின் வாயிற்கதவு 100 அகலம் என்றால் எப்படி? யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளின் தடித்த சுவரை 5 கிகாஹேர்ட்ஸ் அலை இலகுவிற் கடவாது என்பதையும், பெட்டியை வீட்டின் நடுவே உயரத்தில் வைப்பது நான்கு அன்டெனாக்களிலும் மேலான பயன் தரும் என்பதையும் இங்கே குறித்துச் செல்கின்றோம். எமது வீட்டில் அது அலுமாரியின் மேல், தூசு படாதபடி பூவேலைத் துணி போர்த்து வைக்கப்பட்டிருந்தது. வெப்பத்தால் வாடியமைக்கு நிலைபொருள் மட்டும் பொறுப்பன்று என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கின்றோம்.

இனி, ஒரு பழைய வரலாறு. இது சற்று நீளும். ஆயினும் எமது வாதத்தின் வேர் இதிலேயே உள்ளது.

2002 ஆம் ஆண்டின் இறுதியில் லிங்சிஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்ற வீட்டு வழிப்படுத்தியை வெளியிட்டது. நீலமும் கறுப்புமான அப்பெட்டியை வெளிநாடுகளில் வாழும் நம் பழைய மாணவர் பலர் கண்டிருப்பர். அடுத்த ஆண்டு லிங்சிசைச் சிஸ்கோ நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2003 இலேயே, அப்பெட்டியின் நிலைபொருள் லினக்ஸ் என்னும் பொது மென்பொருளின் மேற் கட்டப்பட்டது என்பதை ஆர்வலர் சிலர் கண்டறிந்தனர். லினக்சின் உரிம விதி யாது? அதனை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கலாம். ஆனால், பெட்டியை விற்போர் அதனுள் இருக்கும் அம்மென்பொருளின் மூலநிரலையும் கொள்வோருக்குக் கொடுத்தல் வேண்டும். ஆர்வலர் அவ்விதியைச் சுட்டிக் கேட்டனர். நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது.

அந்த ஒரு செயலால் நிகழ்ந்ததை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பே. 2004 இல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் முயற்சி அம்மூலநிரலை வித்தாகக் கொண்டு தொடங்கிற்று. ஊதியம் பெறாத தன்னார்வலர் பல நாடுகளிலிருந்தும் கூடி அதனை வளர்த்தனர். இடையிலே கருத்து வேறுபட்டு 2016 இல் ஒரு பகுதியினர் பிரிந்து சென்றனர். 2018 இல் மீண்டும் ஒன்றுகூடினர். (சங்கங்களில் இது நடவாததன்று, மீண்டும் கூடுதல்தான் அரிது.) இன்று பற்பல நிறுவனங்கள் செய்த நூற்றுக்கணக்கான வகைப் பெட்டிகளில், செய்தவர் கைவிட்ட பின்னரும், அந்நிலைபொருளை ஏற்றி வாழ வைக்கலாம்.

ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை. 2005 இல் வந்த டபிள்யூ.ஆர்.டி. 54ஜி இன் ஐந்தாம் பதிப்பில், பிளாஷ் நினைவகம் 4 மெகாபைட்டிலிருந்து 2 ஆகவும், ராம் நினைவகம் 16 இலிருந்து 8 ஆகவும் பாதியாக்கப்பட்டன. லினக்சுக்குப் பதிலாக வேறொரு சிறு இயக்குமுறைமை வைக்கப்பட்டது. பெயர் அதே, தோற்றம் அதே, உள்ளே வேறு. விவரம் அறிந்து கொள்வோர் குறைப்பட்டதனால், பழைய அளவு நினைவகத்துடன் 54ஜிஎல் என்று ஒரு தனிவகையை அந்நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்டது. அது பத்தாண்டுக்கு மேலாக விற்பனையில் இருந்தது. கொள்வோர் கேட்டால் செய்வோர் செவிசாய்ப்பர் என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுமோ?

பெயர் ஒன்று, உள்ளே வேறு என்னும் இவ்வழக்கம் இன்றும் உண்டு. டீபி-லிங்க் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர். 841என் என்பது மலிவுப் பெட்டிகளுள் உலகெங்கும் பரவலாக வழங்கிய ஒன்று. அதன் 13 ஆம் பதிப்பில் 8 மெகாபைட் பிளாஷும் 64 மெகாபைட் ராமும் உள்ளன. அதற்கு அடுத்த 14 ஆம் பதிப்பில் 4 உம் 32 உம் மட்டுமே. பின்வந்தது முன்வந்ததிற் சிறந்தது என்று எண்ணி வாங்குவோர் ஏமாறுவர். ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. குழுவினரே 4 உம் 32 உம் உள்ள பெட்டிகளை இனி வாங்க வேண்டா என்று எச்சரிக்கின்றனர். ஆகக் குறைந்தது 8 உம் 64 உம் வேண்டும்; 16 உம் 128 உம் இருப்பின் நன்று என்பது அவர்தம் அறிவுரை. பதிப்பு எண்ணை எங்கே காண்பது? அட்டைப்பெட்டியின் முகத்திலன்று. வழிப்படுத்தியைக் கவிழ்த்தால், அடிப்புறத்துச் சீட்டிலே, வகைப் பெயருக்கு அருகிற் சிறிய எழுத்தில் இருக்கும். கடையில் நின்று கவிழ்த்துப் பார்க்க நாணுதல் வேண்டா. மாம்பழத்தை மோந்து பாராது வாங்குவாருளரோ?

"இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? நம் வீட்டு வழிப்படுத்தியில் யார் வந்து என்ன செய்யப்போகின்றார்?" என்று கேட்பார்க்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவோம்.

2018 இல், பெரும்பாலும் பிரேசில் நாட்டிலே, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீட்டு வழிப்படுத்திகள் தீயோர் வயமாயின. எளிய கடவுச்சொற்களை ஊகித்தும், பழைய நிலைபொருளின் ஓட்டைகளூடாகவும் புகுந்த அவர்கள், பெட்டிகளை உடைக்கவில்லை. ஒரேயொரு குறிப்பை மட்டும் மாற்றினர். இணையத்தில் ஒரு தளத்தின் பெயரை எழுதினால், அதன் உண்மை முகவரி யாது என்று வழிப்படுத்தி ஒரு பெயரேட்டைக் கேட்டறியும். அந்தப் பெயரேட்டுக்குப் பதிலாகத் தமது போலி ஏட்டை வைத்தனர். வீட்டார் தம் வங்கியின் பெயரைச் சரியாகவே எழுதினர். சென்று சேர்ந்ததோ போலி வங்கிப் பக்கம். கணினியில் நோயில்லை, கைப்பேசியில் நோயில்லை. மூலையிலிருந்த பெட்டியில் நோய். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணத்தை இணையத்தின் வழியே கையாளும் முதியோர் நம் ஊரில் எத்தனைபேர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மற்றையது 2016 நவம்பர் இறுதியில் ஜேர்மனியில் நடந்தது. டொய்ச்ச டெலிகொம் நிறுவனத்தின் ஏறத்தாழ 900,000 வாடிக்கையாளர்களின் இணைப்புகள் தடுமாறின. தொலைவிலிருந்து பராமரிப்பதற்கென வைக்கப்பட்ட வாயிலினூடே தீநிரலொன்று புக முயன்றதே காரணம். ஆயின் அந்நிறுவனம் விரைந்து புதிய நிலைபொருளை ஆயத்தம் செய்து, பெட்டியை அணைத்துச் சற்றுப் பொறுத்து ஏற்றுமாறு அறிவித்தது; பெட்டிகள் திருத்தத்தைப் பெற்று எழுந்தன. இரண்டு நிகழ்ச்சிகளிலும் பெட்டியில் ஓட்டை இருந்தது. பின்னதில் திருத்துவார் இருந்தனர். வேறுபாடு அவ்வளவே.

ஆகவே வாங்கும்போது யாம் நோக்குவன யாவை? விலையையும் நோக்குவோம், பணம் மரத்திற் காய்ப்பதில்லை. அதன்பின் செய்தவரின் இணையப் பக்கத்தில் அவ்வகைக்கும் அப்பதிப்புக்கும் உரிய நிலைபொருள்கள் எத்தனை, கடைசியானதன் தேதி யாது என்று பார்ப்போம். பின்பு ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. குழுவினரின் பட்டியலில் அப்பெட்டியின் பெயர் அதே பதிப்பு எண்ணுடன் உள்ளதா என்று தேடுவோம். மீடியாடெக், குவால்கொம் சில்லுகள் உள்ளவற்றுக்குப் பெரும்பாலும் இடமுண்டு; பிரோட்கொம் சில்லுள்ளவற்றின் வைபைப் பகுதிக்கு அங்கே ஆதரவு மிகக் குறைவு. குடி நிறுவனத்தின் டபிள்யூ.ஆர். 3000, சியோமியின் ஏ.எக்ஸ். 3000டீ போன்றவை விலை குறைந்த வகையிலேயே 256 மெகாபைட் ராமுடன் வந்தவை, பட்டியலிலும் இடம்பெற்றவை. ஜி.எல். ஐநெட் என்னும் நிறுவனம் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யை அடியாகக் கொண்ட நிலைபொருளை ஏற்றியே தன் பெட்டிகளை விற்கின்றது. மலிவும் நன்மையும் ஒருங்கே கூடா என்பது எமது கருத்தன்று. தேடினால் கூடும்.

மற்றுமோர் உபாயம் உண்டு. அதற்கு இலண்டனில் வாழும் நம் பழைய மாணவர் துணை வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இத்தகைய கருவிகளை எல்லாப் பெட்டிக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல்லுடன் விற்றலாகாது. பாதுகாப்புத் திருத்தங்களை ஆகக் குறைந்தது எந்நாள்வரை வழங்குவார் என்பதையும் விற்போர் வெளிப்படையாகக் கூறல் வேண்டும். நம் கடைக்காரரிடம் கேட்டால் விழிப்பார். அதே வகைப் பெட்டிக்கு அங்கே அறிவிக்கப்பட்ட நாள் எதுவென்று ஒருவர் பார்த்துச் சொல்வாராயின், எமது பாதி ஆராய்ச்சி முடிந்துவிடும்.

வெளிநாட்டன்பர்களிடம் இன்னுமொன்று கூற வேண்டும், கூறுவதற்குத் தயங்குகின்றோம். அன்போடு அனுப்பப்பட்ட பொருளைக் குறை கூறுதல் பண்பன்று. ஆயினும் கூறுவோம். முன்னொருகால் விடுதிச்சாலைக்கென ஒரு பெட்டி நிறையப் பழைய வழிப்படுத்திகள் வந்திருந்தன. அவற்றுட் சில, அந்நாட்டு இணைய நிறுவனம் தன் சேவைக்கென்றே பூட்டி வைத்தவை. இங்கே அவற்றைத் திறக்க இயலவில்லை. ஒன்றின் மின்மாற்றி 120 வோல்ற்றுக்கு மட்டும் உரியது, இங்கே 230. அதனைப் பார்க்காது பொருத்திய மாணவன், நல்லவேளை, புகையை மட்டுமே கண்டான். எஞ்சியவை உயிருடன் இருந்தன. ஆனால் அவற்றின் நிலைபொருள் நின்றுபோய்ப் பல்லாண்டு கழிந்திருந்தது. அங்கே ஆபத்தென்று கழற்றி வைத்த ஒன்று, கடல் கடந்தவுடன் ஆபத்து நீங்கியதாகிவிடாது.

இவ்வளவும் படித்த இளைஞர் சிலர், இன்றே வீட்டுப் பெட்டியில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யை ஏற்றுவோம் என்று புறப்படுவர் என்பதை யாம் அறிவோம். பொறுமின். பதிப்பு எண் ஒன்று பிசகினாலும் பெட்டி கல்லாகும். ஏற்றும்போது கணினியைக் கம்பியாலேயே இணைத்தல் வேண்டும். இறக்கிய கோப்பு முழுமையானதுதானா என்பதை அதனுடன் தரப்படும் சரிபார்ப்பு எண்ணால் ஒப்புநோக்கல் வேண்டும். இடையில் மின்சாரம் நிற்றலாகாது. இதில் கடைசியானதை யாம் பட்டறிந்தோம். 2022 மார்ச்சில், நாடு முழுதும் நேர அட்டவணைப்படி மின்வெட்டு நிலவிய காலத்தில், அட்டவணையை நம்பி, இன்னும் ஒரு மணிநேரம் உண்டென்று துணிந்து எமது பெட்டியின் நிலைபொருளை மாற்றத் தொடங்கினோம். பாதியில் விளக்கு அணைந்தது. மின்சாரம் மீண்டபோது பெட்டியின் ஒற்றை விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. முன்சொன்ன மாணவர் வந்து, மீளமைப்புப் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரத்தை ஏற்றி, கணினியிலிருந்து நிலைபொருளை ஊட்டும் மீட்பு வழியால் அதனை உயிர்ப்பித்தார். எல்லாப் பெட்டிகளுக்கும் அவ்வழி இல்லை. 2024 இறுதியில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. குழுவினர் தாமே வெளியிட்ட 'ஒன்' என்னும் வழிப்படுத்தியில், ஒரு நினைவகம் கெட்டாலும் மற்றையதிலிருந்து மீட்கத்தக்கதாக இரண்டு தனித்தனிப் பிளாஷ் நினைவகங்கள் வைத்திருக்கின்றனர். எம் நிலை அறிந்து செய்தார் போலும்! வெளியானபோது அதன் விலை 89 அமெரிக்க டொலராக இருந்தது. நம் திட்டத்துக்கு எட்டாது.

நிலைபொருளை மாற்றாதவரும் செய்யத்தக்க சில உண்டு. பெட்டியுடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுக. 'டபிள்யூ.பீ.எஸ்.' என்னும் பொத்தான் முறையை நிறுத்துக. அதன் எட்டிலக்கக் குறியை ஏறத்தாழ 11,000 முயற்சிகளில் ஊகித்துவிடலாம் என்பது 2011 இலேயே வெளிப்பட்டது. தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வாயிலை மூடுக. பாதுகாப்பு முறை டபிள்யூ.பீ.ஏ. 2 அல்லது 3 ஆக இருக்கட்டும். ஐப்பசி இடிமழைக்கு முன் கம்பிகளைக் கழற்றுதலை நம் பாட்டிமாரே அறிவர்.

இனி, மூத்தவரின் வினாவுக்கு வருவோம். நாற்பது பெரிதா, இருபத்தைந்து பெரிதா? நாற்பது பெரிது, எண்ணிக்கையில் ஐயமில்லை. விடுபடும் பதினைந்து பிள்ளைகளின் முகம் எமக்கும் தெரியும். அவர்களுட் சிலர் எமது வகுப்பிலேயே இருக்கின்றனர். ஆயினும், இரண்டாண்டில் மயங்கிக் கிடக்கப்போகும் நாற்பது பெட்டிகளைக் கொடுத்து நிழற்படம் எடுத்துக்கொள்வது, நாற்பது வீடுகளுக்கு உதவியதாகுமா? அப்பெட்டி பழுதாகாவிட்டாலோ அதனினும் தீது: ஓட்டையுடன் பல்லாண்டு எரிந்துகொண்டிருக்கும். ஒரு பிள்ளை மட்டும் படிக்கும் வீட்டுக்குக் கைப்பேசியின் இணையத்தையே பகிர்ந்துகொள்ளுதல் போதும். அவர்களுக்குப் பெட்டிக்குப் பதிலாகத் தரவுக் கட்டணத்துக்கு உதவலாம் என்பது எமது எண்ணம். மூன்று நான்கு பிள்ளைகள் உள்ள வீடுகளையும் விடுதியையும் முதலிற் கொள்க. இருபத்தைந்தும் ஒரே வகையாய், ஒரே பதிப்பாய் இருத்தல் வேண்டும். அப்போதுதான் ஒருமுறை கற்ற மாணவன் இருபத்தைந்தையும் பராமரிப்பான்.

பராமரிப்பவன் யார் என்ற வினாவைக் கூட்டத்தில் எவருமே எழுப்பவில்லை. யாமும் எழுப்பவில்லை. பொருள் வாங்குவதற்கு நிதி திரட்டும் நமக்கு, அதனைப் பேணுவதற்கு ஆள் திரட்டும் வழக்கமில்லை. நூலகத்துக்கு நூல் வாங்கினோம்; கட்டமைக்க ஆளில்லை. கணினிக் கல்விக் கழகத்து மாணவர் நால்வரைத் தெரிந்து, ஆண்டுக்கு இருமுறை அவ்வீடுகளுக்குச் சென்று நிலைபொருளைப் புதுப்பித்து வருமாறு ஒழுங்கு செய்யலாம். அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவு கொடுத்தாற் போதும். கற்பதற்கு அதனினும் நல்ல பாடசாலை உண்டோ என்பது ஐயமே. அப்பெட்டியின் மூலநிரல் அவர்கள் படிப்பதற்காகத் திறந்தே கிடக்கின்றது.

இக்கட்டுரையை எழுதி முடிக்குமுன் விடுதிச்சாலைக்குச் சென்று, படிப்பறைச் சுவரில் மாட்டியிருந்த வழிப்படுத்தியைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தோம். சீட்டிலிருந்த பதிப்பு எண் வெப்பத்தால் மங்கி, ஓர் இலக்கம் மட்டும் எஞ்சியிருந்தது. அது 1 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். கடவுச்சொல் யாது என்று மேற்பார்வையாளரைக் கேட்டோம். பெட்டியுடன் வந்ததுதான் என்றார். புதிய பெட்டிகள் அனுப்ப எண்ணும் அன்பர்கள், அனுப்புமுன் அவற்றின் அடிச்சீட்டையும் மின்மாற்றியையும் படமெடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்பி வைப்பார்களாக. அவை எம்மிடம் வந்து சேரும். பார்த்து ஒரு கிழமைக்குள் விடை எழுதுவோம்.